இரவல் மூக்கு

சிங்கராயன் பூவுக்கு முத்தம் கொடுக்கிறான் என்று முதலில் சொன்னது நானில்லை. கண்ணாடி வீட்டில் குழாய் பழுதுபார்க்க வந்தவர் சொன்னார். நான் அதை நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். அதையும் "கொடுக்கிறானாம்" என்றுதான் சொன்னேன். அந்த "ஆம்" போகிற வழியில் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மஞ்சக்கொம்பு தாவரவியல் பூங்காவின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். மரகதம் என்று பெயர். முகத்தைப் பார்த்தே காசு பிடித்துக்கொள்ளும் கேமராவை வாசலில் வைத்துப் பல வருஷமாகிறது. ஆனால் எங்கள் மலையில் பாதி நாள் மூடுபனி. பனி இறங்கிவிட்டால் அதற்கு ஆளும் தெரியாது, மாடும் தெரியாது. போன வருஷம் ஒரு காட்டெருமைக்குப் பெரியவர் டிக்கெட் போட்டது. அதனால்தான் என் வேலை இன்னும் இருக்கிறது.

கவுண்டருக்கு ஒரு பக்கம் வாசலும் பஸ் நிறுத்தமும். இன்னொரு பக்க ஜன்னலைத் திறந்தால் ஆர்க்கிட் கண்ணாடி வீடு. இப்படி ஒரு இடத்தில் உட்காரவைத்துவிட்டு வேடிக்கை பார்க்காதே என்றால் எப்படி? உள்ளூர்ச் சேதிக்கு ஜன்னல், வெளியூர்ச் சேதிக்கு மதிய பஸ் டிரைவர் தேவசகாயம். பேட்டரி பஸ்கள் கடைசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும் என்பதால் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு பழைய டீசல் வண்டியை விட்டுவைத்திருந்தார்கள். அதைத்தான் அவர் ஓட்டினார். டீசலும் அவர் மெல்லும் வாசனைப் பாக்கும் கலந்து வண்டிக்கு முன்னாலேயே வந்து சேரும். என் கையால் ஒரு டீ, கீழே நடந்ததெல்லாம் ஒரு மூச்சில், பிறகு ஹாரன். தை மாதம் மலை ஏறுகிற புது பேட்டரி பஸ் வந்தது. அவரைக் கீழே டெப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குச் சேதி வரத்து குறைந்தது. வேறொன்றும் இல்லை.

சிங்கராயன் கதைக்கு வருகிறேன்.

அவன் கண்ணாடி வீட்டுப் பொறுப்பாளன். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது, கல்யாணம் ஆகவில்லை. ஆர்க்கிட்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர்தான் என்பான். தொட்டியை விரல் கணுவால் தட்டி, தேங்காய் பார்க்கிற மாதிரி காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவான். மண்ணே கிடையாது, கரியும் செங்கல் துண்டும் தேங்காய் மட்டையும்தான் தொட்டிக்குள். "மண்ணில்லாம வளர்ற செடி, பொண்டாட்டி இல்லாம வளர்ற ஆளு, ரெண்டும் பொருத்தம்டா" என்றால், "உங்களுக்கும் ஒரு தொட்டி வைக்கட்டுமாக்கா?" என்று திருப்புவான்.

அவனுக்கு மேலதிகாரி டாக்டர் குமுதவல்லி. ஆராய்ச்சி விஞ்ஞானி. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று குவார்ட்டர்ஸில் மூன்று கதைகள் உலாவின. மூன்றும் நன்றாகவே இருந்தன, சிரத்தையாகச் செய்திருந்தேன். எனக்கு ஏன் ஆகவில்லை என்று யாரும் கதை கிளப்பியதில்லை. கிளப்ப வேண்டிய ஆள் நான்தானே.

டாக்டரம்மா வளர்த்தது கம்மல் பூ. காதில் தொங்கும் கம்மல் மாதிரி மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காட்டு ஆர்க்கிட். காட்டில் அது அநேகமாக முடிந்துபோன கதை. அதைத்தான் அவர் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் டீயை நீட்டிக் கேட்டேன். டீ வாங்கினவர்கள் பதில் சொல்லாமல் போக முடியாது.

"மரகதம், புது ஊர்ல ஒருத்தர் பஜ்ஜிக் கடை போடறார். என்ன செய்வார்?"

"கடன் கேட்டா முறைப்பார்."

"அதில்லைங்க. முதல் நாள் வாழைக்காய் போட்டுப் பார்ப்பார். யாரும் நிக்கலைன்னா மறுநாள் மிளகாய். அதுக்கு ரெண்டு பேர் நின்னாங்கன்னா அப்புறம் மிளகாய்தான். என் செடியும் அப்படித்தான். ஒரு வாசனை விட்டுப் பார்க்கும். ஏதாவது உயிர் கிட்ட வந்து நின்னா அந்தச் சூடும் மூச்சும் இதழ்ல இருக்கிற மெல்லிய முடிக்குத் தெரியும். நிக்க வெச்ச வாசனையைப் பிடிச்சுக்கும். நிக்கலைன்னா மாத்திக்கும்."

"பூவுக்கு எதுக்கு இந்த வியாபாரமெல்லாம்?"

"அதோட தேனீ போயிடுச்சே. இந்தக் காட்டுல மண்ணுக்குள்ள கூடு கட்டற குட்டித் தேனீ ஒண்ணு இருந்துச்சு. அதைக் கூப்பிடத்தான் கம்மல் பூ ஈர மண்ணு மாதிரி வாசனை விடும். வெயில் ஏறி, மருந்து அடிச்சு, அந்த ஈ இப்ப இல்லை. பக்கத்து மலையிலேருந்து அதோட சொந்தக்கார ஈயைக் கொண்டுவரலாம். ஆனா அதுக்கு வேற வாசனை பிடிக்கும். எதுன்னு நமக்குத் தெரியாது. அதான், நீயே கேட்டுத் தெரிஞ்சுக்கோன்னு செடிக்குள்ள அந்தப் புத்தியை வெச்சிருக்கேன்."

"பூவுக்கு ஏமாத்தக் கத்துக்குடுத்திருக்கீங்க."

"ஆர்க்கிட்டுக்கு அதை யாரும் கத்துத்தர வேண்டாம் மரகதம். நிறைய பூவுல தேன்கூட இருக்காது. பொண்ணு ஈ மாதிரி வேஷம் போட்டு ஆண் ஈயை வரவழைக்கிற பூவெல்லாம் இருக்கு."

"ஐயோ பாவம். வந்து பார்த்துட்டு அது என்ன செய்யும்?"

"அடுத்த பூவுக்குப் போய் மறுபடி ஏமாறும்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு சாமர்த்தியசாலிக்கு ஒரு குறை. மூக்கு வேலை செய்யாது. பார்க்க எடுப்பான மூக்குதான், வாசனைதான் தெரியாது. எப்போதோ வந்த விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடிக்கடி தலைவலி வேறு. அதற்கு நீலகிரித் தைலத்தில் ஓமமும் பச்சைக் கற்பூரமும் கலந்து அவரே ஒரு மருந்து காய்ச்சி வைத்திருந்தார். "வாசனை தெரியாது, குளிர்ச்சி மட்டும் தெரியும். அது போதும்" என்பார். அவருக்குப் போதும். எங்களுக்கு? அளவு தெரியாமல் பூசிக்கொள்வார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்து எழுந்த சீட்டில் மறுநாள் உட்கார்ந்தவருக்கும் ஜலதோஷம் தெளியும்.

வாசனையைப் பிரித்துக் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது. அது ரிப்பேராகிக் கோயம்புத்தூர் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ஆகவே டாக்டரம்மா ஒரு மூக்கை இரவல் வாங்கினார். சிங்கராயன் மூக்கு.

கண்ணாடி வீட்டில் சட்டம் கடுமை. மாஸ்க், கையுறை, பூ அருகில் போகலாம், நிற்கக் கூடாது. நின்றால் செடி பழகிவிடும். விதைக்காகப் பல்குச்சி நுனியில் மகரந்தம் எடுத்து வைக்கும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டு நகர வேண்டும். ஆனால் தினமும் காலையில் ஒரே ஒரு முறை சிங்கராயன் மாஸ்க்கை இறக்கி மோந்து பார்ப்பான். பூச்சி புகாமல் கட்டியிருந்த வலைக்கு வெளியே டாக்டரம்மா நின்று கேட்பார்.

"சிங்கராயன், இன்னிக்கு என்ன வாசனை?"

"ஈர மண்ணு, மேடம்."

அவருக்கு முகம் மலரும். ஈர மண் வாசனை இருக்கிற வரைக்கும் செடி இன்னும் யாரிடமும் பழகவில்லை, ஈக்காகச் சுத்தமாகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மூக்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான் என்பது அத்தனை படித்தவருக்குத் தோன்றவில்லை.

ஆடியில் தலைமை அலுவலகத்திலிருந்து சேதி வந்தது. ஐப்பசிக்குள் ஈ வந்து உட்காரவேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, செடிகளை வேறு தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடி வீட்டில் பிளாஸ்டிக் ஆர்க்கிட் தொங்கவிட்டுக் கல்யாணப் போட்டோ எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடுவார்களாம். டாக்டரம்மாவுக்குச் சென்னையில் ஒரு மேஜை. சிங்கராயனுக்குப் புல்வெட்டும் மெஷின்.

பக்கத்து மலையிலிருந்து ஈப்பெட்டி வந்தது. திறந்துவிட்டார்கள். ஈக்கள் கூரையைச் சுற்றின, விளக்கைச் சுற்றின, டாக்டரம்மாவின் டிபன் பாக்ஸைக்கூடச் சுற்றின. கம்மல் பூப் பக்கம் போனது ஒன்றுகூட இல்லை. கிட்டே போனதும் யாரோ விரட்டின மாதிரி திரும்பின. ஒரு வாரம் இப்படி. டாக்டரம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து மெஷின் ரிப்பேராகி வந்து சேர்ந்தது. பூவின் காற்றைப் பிடித்துப் போட்டார். நீலகிரித் தைலம், ஓமம், கற்பூரம் என்று காட்டியது.

"என் தப்புதான் மரகதம்" என்று கவுண்டரில் வந்து புலம்பினார். "நான் பூசற தைலம் மெஷின் வரைக்கும் ஒட்டிக்கிட்டிருக்கு. இதைத் துடைக்காம பூவோட வாசனையைப் பார்க்கவே முடியாது."

அன்றோடு தைலத்தை நிறுத்தினார். துணியெல்லாம் வெந்நீரில் ஊறவைத்தார். தலைவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

நான் ஜன்னல் வழியாக வேறொன்றைக் கவனித்தேன். தைலம் நின்ற நாளிலிருந்து சிங்கராயன் முகம் சரியில்லை. டாக்டரம்மா பக்கத்தில் போய் நின்று, எதையோ தொலைத்தவன் மாதிரி நிற்பான். பிறகு உள்ளே போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பூவுக்கு முன்னால் உட்காருவான். மோந்து பார்ப்பது ஒரு முறை என்பது போய், எழுந்திருப்பதுதான் ஒரு முறை என்றாகிவிட்டது. குழாய்க்காரர் பார்த்ததும் இதைத்தான்.

எனக்கு உட்கார முடியவில்லை. அவன் மறந்துவைத்துப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். மறந்தானா, நான் எடுத்து ஒளித்துவைத்தேனா என்பதெல்லாம் இப்போது எதற்கு. உள்ளே அவன் இல்லை, தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். வாளி இருந்தது. உட்கார்ந்தேன். பூ என் மூக்குக்கு நேராகத் தொங்கியது.

டாக்டரம்மா பின்னால் வந்து நிற்கிறார் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். யாரும் இல்லை.

மறுபடி குனிந்து மோந்தேன். நீலகிரித் தைலம். ஓமம். பச்சைக் கற்பூரம். அதற்கடியில் லேசாக, மழையில் நனைந்த டாக்டரம்மாவின் கம்பளி ஸ்வெட்டர்.

ஸ்வெட்டரை டாக்டரம்மா காய்ச்சவில்லையே.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், அன்று மத்தியானம் முழுக்க நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சிங்கராயன் வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லாம் போகும்.

சாயங்காலம் டாக்டரம்மாவே வந்தார். கையில் மெஷின் கொடுத்த படம். "மெஷின் இன்னும் சரியாகலை போலிருக்கு. தைலத்தைத் தொட்டு இத்தனை நாளாச்சு. இன்னமும் அதேதான் காட்டுது. முன்னைவிட ஜாஸ்தியா."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா" என்றேன். "வாங்க."

கண்ணாடி வீட்டில் சிங்கராயன் வாளியில் உட்கார்ந்திருந்தான். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்ததில் வாளி உருண்டது.

"இங்க உக்காரக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"என்ன வாசனை வருது?"

"ஈர மண்ணு, மேடம்."

"ஈர மண்ணுக்கு எப்படா ஓமம் போட்டாங்க?" என்றேன் நான்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். டாக்டரம்மா மாஸ்க்கைக் கழற்றினார். பூவுக்கு முன்னால் குனிந்து, நிதானமாக மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியாதவர் முகம் போலத்தான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தார். நெற்றிப்பொட்டில் கை போனது, தைலம் பூசும் இடத்துக்கு.

"வாசனை தெரியலை" என்றார் மெதுவாக. "ஆனா குளிருது."

எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. பழுதுபார்த்த லட்சணம்.

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என் வேலை பூரா உங்க ஒரு வார்த்தையை நம்பி நின்னுச்சு சிங்கராயன்! ஈர மண்ணுன்னு சொன்னீங்க, ஈயைத் திறந்துவிட்டேன். தைலத்துக்கு எந்த ஈ வரும்? தைலம் பூசினா ஈ ஓடும்! இது குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"முதல்ல ஈர மண்ணுதான் மேடம் வந்துச்சு. சத்தியமா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாறிச்சு. ஒருநாள் பூரா மாறிடுச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

சிங்கராயன் கையுறையைக் கழற்றினான். திரும்ப மாட்டினான். "என்ன வாசனைன்னு நீங்கதானே மேடம் கேட்டீங்க. உங்க வாசனைன்னு உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா உருண்டு கிடந்த வாளியை நிமிர்த்தி, கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்துவிட்டார். நான் முன்பு அங்கே விட்டுப்போன தூக்குச் சட்டியைத் துடைக்கிற பாவனையில் அங்கேயே நின்றேன். போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை.

"என் வாசனை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். விஞ்ஞானி கேட்கிற குரல் இல்லை அது. "எனக்கு மறந்தே போச்சு."

"பரவாயில்லாம இருக்கும் மேடம்" என்றான் அந்தப் புத்திசாலி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிறகு துடைத்துக்கொண்டு எழுந்தபோது மறுபடி டாக்டர் குமுதவல்லி. "நாளையிலேருந்து நீங்க உள்ள வரக் கூடாது."

சிங்கராயன் முகம் செத்துப்போனது. "செடியை யார் மேடம் பாப்பாங்க?"

"நான். எந்த வாசனை விட்டாலும் எனக்கு ஒண்ணுதான். அதால என்னை நிறுத்தவும் முடியாது, துரத்தவும் முடியாது. என்னை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம, பழகினதை அதுவே விட்டுடும்."

இப்படியாக எங்கள் தோட்டத்தில் ஒரு புதுக் காட்சி. உள்ளே டாக்டரம்மா தொட்டியைத் தட்டுவார். வெளியே பெஞ்சில் சிங்கராயன் காதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் கத்துவான். "வேண்டாம் மேடம், அதுல தண்ணி இருக்கு! பக்கத்துத் தொட்டி!" சுற்றுலா வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் தனி டிக்கெட்டா என்றுகூடக் கேட்டார்கள். வேலை முடித்து வெளியே வந்ததும் டாக்டரம்மா அதே பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தைல சீசாவை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார். தலைவலி இருந்ததா என்று தெரியாது. கொஞ்சம் அதிகமாகவே பூசினார். சிங்கராயன் தூரத்து மலையைப் பார்த்தபடி நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பான்.

மெஷினில் தைலம் நாளுக்கு நாள் இறங்கியது. புரட்டாசி முடிவில் மறுபடி ஈர மண். ஐப்பசியில் ஆய்வுக் குழு வந்தது, ஈப்பெட்டியைத் திறந்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. பூ ஏதேதோ போட்டுப் பார்த்திருக்கிறது. அடுத்த நாள் ஒரே ஒரு ஈ, கம்மலின் உதட்டில் இறங்கியது. முதுகில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த கம்மலுக்குப் போனது. வெளியே கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றிருந்த சிங்கராயன் "மேடம்!" என்று போட்ட சத்தத்தில் குழுவில் ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டார். ஈக்குப் பிடித்த அந்த வாசனையை நானும் பிறகு மோந்தேன். அழுகின கொய்யாவும் துருப்பிடித்த தகரமும். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியது எனக்கில்லையே.

டீ கொட்டிக்கொண்டவர் போகும்போது டாக்டரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். என் கவுண்டர் ஓரமாக. "ஈ கதை இருக்கட்டும்மா. மனுஷனுக்குப் பழகின மாதிரி ஒரு தொட்டி இருந்துச்சாமே. அதைக் கொஞ்சம் பெருக்கிக் குடுங்களேன். கடைவாசல்ல ஒண்ணு, ஆஸ்பத்திரியில ஒண்ணு, முதியோர் இல்லத்துல ஒண்ணு. அவங்கவங்களுக்குப் பிடிச்சதை அதுவே கண்டுபிடிச்சுக் குடுக்கும். நல்ல காரியம்தானே?"

"ஈ ஏமாந்தா அடுத்த பூவுக்குப் பறந்துடும் சார்" என்றார் டாக்டரம்மா. "மனுஷன் அங்கேயே உக்காந்துடுவான்."

திட்டம் நீட்டிக்கப்பட்டது. அறிக்கையில் சிங்கராயன் விவகாரம் "பராமரிப்பாளரின் அருகாமையால் ஏற்பட்ட தற்காலிகப் பழக்கம்" என்று ஒரு வரியில் முடிந்தது. தற்காலிகம் என்பது செடியைப் பற்றியது என்று நினைக்கிறேன். அவனைப் பற்றி இல்லை என்பதற்குச் சாட்சி நான். கார்த்திகையில் மாலை எடுத்துக் கொடுத்ததே என் கைதான். கல்யாணத்தன்று மணப்பெண்ணிடம் தைல வாசனை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அவன் முன்னால் வாளி போட்டு உட்கார்ந்த அந்த ஒரு தொட்டி மட்டும் முழுதாகத் திருந்தவில்லை. ஈக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது. தூக்கிப் போட இருவருக்கும் மனம் வரவில்லை. என் கவுண்டருக்குக் கொண்டுவந்து வைத்தார் டாக்டரம்மா.

"நூறு மூக்கு வந்துபோற இடம். யார்னு பார்த்துப் பழகும்? குழம்பிப்போய் ஈர மண்ணுக்கே திரும்பிடும்."

நூறு பேர் வந்து போகிறார்கள், சரி. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை.

முதலில் ஈர மண்தான். பிறகு ஏதோ பூ, ஏதோ பழம், ஒருநாள் காப்பி. நான் சட்டை செய்யவில்லை. போன வாரம் ஒருநாள், மதியம் பனி இறங்கியிருந்தது. டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன், டீ போட. பால் பொங்குகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் பேட்டரி பஸ் வந்து நின்று, இறங்கவேண்டியவர்களை இறக்கிவிட்டு, சத்தமே இல்லாமல் போனது.

டீசலும் பாக்கும் கலந்த அந்த வாசனை போகவில்லை. மேஜையில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

டம்ளர் இரண்டு எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைக் கழுவி வைக்கும்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். பின்னால் சிங்கராயன், குடையோடு. தொட்டியைத் தட்டிப் பார்த்துத் தண்ணீர் போதும் என்றான்.

"பூ நல்லாப் பூத்திருக்கே" என்றார் டாக்டரம்மா. "என்ன வாசனை வருது மரகதம்?"

சிங்கராயன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். என்னையும் பார்த்தான், வாசலில் காலியாகக் கிடந்த பஸ் நிறுத்தத்தையும் பார்த்தான். அவனும் எத்தனையோ மதியம் இந்த ஜன்னலோரம் டீ குடித்தவன்தானே. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஈர மண்ணு, டாக்டரம்மா."